10 மைலுக்கு 60 டாலர்

முதலில் அந்த டாக்ஸிக்காரரைத் திட்டிவிடுகிறேன். அமெரிக்காவின் பருத்திப் பிரதேசமான மிசிசிப்பி டெல்டாவில், கிரீன்வுட் நகரத்திலிருந்து மனி என்ற ஊர் வெறும் 10 மைல். பஸ் கிடையாது. போக வர 60 டாலர் என்றார். திரும்பியதும் காத்திருந்ததற்குத் தனியாக 15. மெம்ஃபிஸிலிருந்து ரயிலில் வந்ததற்கே இவ்வளவு ஆகவில்லை.

பார்க்கப் போனது ஒரு மளிகைக்கடை. கூரை போய், செங்கல் சுவரைக் கொடி மூடிக்கிடக்கிறது. 1955 ஆகஸ்டில் சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினப் பையன் மிட்டாய் வாங்க இங்கேதான் நுழைந்தான். கல்லாவில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் தவறாக நடந்தான் என்று நான்காம் நாள் கடத்திக் கொன்றார்கள். அவள் கணவனையும் அவன் அண்ணனையும் வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி ஒரு மணி நேரத்தில் விடுவித்தது. அந்தக் கடைக்குப் பிழைப்பே கறுப்பினப் பருத்திக் கூலிகள்தான். அவர்கள் வருவதை நிறுத்தினார்கள், கடை மூடிப்போனது.

பக்கத்திலிருக்கும் பழைய பெட்ரோல் பங்க்கை அரசு மானியத்தில் பளபளவென்று புதுப்பித்திருக்கிறார்கள். கடை மட்டும் இடிந்தே கிடக்கிறது! எரிச்சலாக இருந்தது.

கோக் விளம்பரப் பலகை, மர வராந்தா என்று இந்தப் பக்கத்துப் பழைய கடைகள் போஸ்ட்கார்டில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் காலத்துப் பண்ணைக் கடைகளில் வருஷம் முழுக்கப் பற்று எழுதி மாவும் உப்புக்கறியும் கொடுப்பார்கள். பருத்தி விற்றதும் கணக்குப் பார்த்தால், பல குத்தகைக்காரர்களுக்குக் கடன்தான் மிஞ்சும்.

மறுநாள் வாடகைக் கார். முதல் நாளே எடுத்திருக்கலாம். அதே டெல்டாவில் உள்ள கிளீவ்லாண்டில் டெல்டா சீனர்களின் அருங்காட்சியகம் இருக்கிறது. சீனர்களா என்று நானும்தான் கேட்டேன். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் பண்ணை வேலைக்கு வந்தவர்கள், அது கட்டுப்படியாகாமல் கறுப்பினத்தவர் தெருக்களில் மளிகைக்கடை போட்டார்கள். முன்னால் கடை, பின்னால் குடித்தனம். மொழி புரியாத ஆரம்ப நாட்களில் வாடிக்கையாளர் குச்சியால் சாமானைச் சுட்டிக்காட்டி வாங்கினார்களாம். ரோஸ்டேலில் கடை வைத்திருந்த காங் லம், மகளை வெள்ளையர் பள்ளியில் சேர்க்க மறுத்ததை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1927இல் தோற்றார். அன்றைய வெள்ளையர்கள் யாரிடம் வேண்டுமானாலும் காசு வாங்குவார்கள், பள்ளி பெஞ்சில் பக்கத்தில் உட்காரத்தான் விடமாட்டார்கள்.

அப்புறம் சாப்பாடு. ரோஸ்டேலில் தமாலே! மெக்சிகோ பலகாரம், ஆனால் டெல்டாக்காரர்கள் காரக் குழம்பிலேயே கொதிக்கவிடுகிறார்கள். சோள மாவுக்குள் காரமான கறி, மேலே மக்காச்சோளத் தோகை. பிரித்தால் எண்ணெய் விரலில் வழிகிறது. கூட உப்பு பிஸ்கட். டாக்ஸிக்காரரை நினைத்து அரை டஜனோடு நிறுத்திக்கொண்டேன். திரும்பும் வழியெல்லாம் அப்படி நிறுத்தியதை நினைத்துத்தான் புலம்பல்.