குளத்துக்கு நோட்டீஸ் போடுகிற டிசைனர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தின் சுசீந்திரம்–தேரூர், வேம்பனூர் நீர்நிலைகள் 2022-இல் ராம்சார் எனும் உலக ஈரநிலப் பட்டியலில் இடம்பிடித்தன. அவற்றைப் படம் எடுக்கவும் எழுதவும் ஆள் உண்டு. அதே மாவட்டத்தில் கல்குளம் தாலுகாவிலோ விளவங்கோடு தாலுகாவிலோ ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிற, கரையோரம் மண் விழுந்துகொண்டிருக்கிற சின்னக் குளத்துக்கு யாரும் இல்லை. ஓய்வு நேரத்தில் டிசைன் செய்து உதவ நினைப்பவர்கள் அங்கேதான் தேவை.

குளத்தைக் காக்கிற ஊர்க் குழுவினர் முதலில் லோகோதான் கேட்பார்கள். அது பிறகு ஆகட்டும். முதல் வேலை கிராம சபைக்கான நோட்டீஸ். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபை. அதற்கு ஒரு வாரம் முன்னாலாவது தாள் வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு தாளில் ஒரே கோரிக்கை: ‘குளத்தை அளந்து எல்லைக்கல் நட வேண்டும்.’ தூர்வாரல், குப்பை, தெருவிளக்கு எல்லாவற்றையும் அதிலேயே திணித்தால் எதுவும் தீர்மானத்தில் ஏறாது.

சர்வே எண்ணையும் பரப்பையும் ‘அ’ பதிவேட்டை (கிராமத்தின் நிலப் பதிவேடு) பார்த்து எழுதுங்கள், வாய்மொழியாகக் கேட்டு எழுதாதீர்கள். பதிவேட்டில் பரப்பு ஹெக்டேரில் இருக்கும். 0.40 ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய 99 சென்ட். சென்ட் கணக்கில் போட்டால்தான் ஆக்கிரமிப்பில் எவ்வளவு போயிருக்கிறது என்று படிப்பவருக்குப் பிடிபடும். புலப்படத்தின் (சர்வே எண்ணுக்கான நில அளவை வரைபடம்) மேல் கோடு இழுத்து மடை, மறுகால், பக்கத்துக் கோயில், பஸ் ஸ்டாப் ஆகியவற்றைக் குறியுங்கள். வாங்கிப் பார்க்கிறவர் அந்தக் குளத்திலேயே நீச்சல் பழகியவர். படத்தில் ஒரு மடை இடம் மாறி இருந்தாலும் மீதியை நம்ப மாட்டார். ஆக்கிரமித்தவர் என்று எவர் பெயரையும் அச்சில் போட வேண்டாம். பதிவேட்டு அளவே போதும்.

எழுத்தில்தான் அதிகம் கெடுகிறது. இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் இரண்டிலும் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ என்கிற பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ‘கொ’வின் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பில் இந்தத் தொல்லை இல்லை. எழுத்து இடைவெளியைக் கூட்டக் கூடாது, துணைக்கால் தனியே பிரிந்துவிடும். எழுத்துருவில் போல்டு வடிவம் இல்லாதபோது மென்பொருள் தானாகத் தடிமனாக்கும். சின்ன அளவில் ‘ண’, ‘ஞ’ சுழிகள் அடைத்துப்போகும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டுக்கும் உண்மையான போல்டு உண்டு, காசும் இல்லை. வரி இடைவெளி எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்கு. இருபக்கமும் சமமாக இழுத்துக் கட்டினால் நீளமான தமிழ்ச் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். இடப்பக்கம் மட்டும் சீராக இருந்தால் போதும்.

அச்சகத்தில் பழைய எழுத்துரு முறையில் திரும்ப டைப் செய்வார்கள், அங்கேதான் சர்வே எண் தவறும். எழுத்துகளைக் கர்வ்ஸாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றிய பிடிஎஃப் கொடுத்துவிட்டு, புரூஃபில் எண்களை மட்டும் இன்னொருவர் உரக்கப் படிக்கக் கேட்டு ஒத்துப்பாருங்கள். ஏ5 அளவு, கலர் பேப்பரில் கறுப்பு ஒற்றை வண்ணம் என்பதே சிக்கனம். ஏ4 தாளில் இரண்டு வரும். வெட்டும்போது பிசகும், ஓரத்தில் 5 மில்லிமீட்டராவது விடுங்கள். புகைப்படம் வேண்டாம்: ஜெராக்ஸ் எடுத்தால் குளம் கறுப்புத் திட்டாகிவிடும், கோட்டுப்படம் தாங்கும். கரையில் ஒட்டுகிற போஸ்டருக்கு சாதாரண இங்க்ஜெட் பிரிண்ட் ஆகாது. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது, மை வழிந்துவிடும். பேனரா, துணியில் போடுங்கள். குளத்தைக் காக்க பிவிசி ஃபிளெக்ஸ் கட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், பிடிஎஃபை டாக்குமென்டாக அனுப்புங்கள். க்யூஆர் கோடு வைப்பதானால் 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் வெற்றிடம் விட்டு வையுங்கள். காலாவதியாகிற டைனமிக் வகை வேண்டாம்.

கடைசியில் பிடிஎஃபோடு திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் எழுத்துருவையும் குழுவிடம் கொடுத்துவிட வேண்டும். இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம். தேதியும் இடமும் தனி லேயரில் இருந்தால், நவம்பர் 1-க்குப் போட்ட நோட்டீஸை ஜனவரி 26-க்கு ஊர்ப் பிள்ளைகளே மாற்றிக்கொள்வார்கள்.