ஏசி போட்டால் எகிறிய ஐடிலிங்

சென்ற சித்திரை வெயிலில், மதுரை காளவாசல் சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அதை முதலில் கவனித்தேன். கியர் நியூட்ரலில் இருந்தது, ஆக்ஸிலரேட்டரில் கால் இல்லை, ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று காட்டும் ஆர்.பி.எம். முள் 1500-இல் நின்றது. ஏசியை அணைத்த பிறகும் முள் அங்கேயே நின்று, வெகுநேரம் கழித்து அரைமனதாகக் கீழே வந்தது. வண்டியை நிறுத்தி மறுபடி கிளப்பினால் மட்டும் 800-க்கு ஒழுங்காக இறங்கியது. இந்தக் கடைசிச் செய்திதான் முக்கியமான தடயம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

என்னுடையது பன்னிரண்டு ஆண்டு ஓடிய பெட்ரோல் வண்டி. ஆக்ஸிலரேட்டர் கேபிளால் இயங்கும் பழைய வகை. இத்தகைய வண்டியில் ஏசி பொத்தானை அழுத்தியதும், கம்ப்ரஸரின் சுமையால் எஞ்சின் திணறிவிடக் கூடாது என்பதற்காக, எஞ்சினின் கணினி ஐடில் வால்வைச் சற்றுத் திறந்து கூடுதல் காற்றை உள்ளே விடும். அதனால் 750 அல்லது 800-இல் இருக்கும் ஐடிலிங், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுழலும் வேகம், 900 அளவுக்கு ஏறுவது இயல்பு. 1500 இயல்பன்று. முதல் கியரில் கிளச்சை விட்டாலே வண்டி முன்னால் பாய்ந்ததால், நெரிசலில் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே முடியவில்லை.

முதலில் பார்த்த மெக்கானிக், "ஏசி போட்டா ரேஸ் ஏறத்தான் சார் செய்யும்" என்று சொல்லிக்கொண்டே, எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில், அதன் தகடு எதுவரை மூடலாம் என்று வரையறுக்கும், பெயிண்ட் முத்திரையிட்டிருந்த நிறுத்து ஸ்க்ரூவைத் திருகி, ஏசி ஓடும்போதே ஐடிலிங்கை 1000-க்கு இறக்கிவிட்டார். அன்று மாலை மகிழ்ச்சியாகத்தான் வீடு திரும்பினேன். மறுநாள் காலை ஏசி இல்லாமல் கிளப்பியபோது ஐடிலிங் 500-க்கு விழுந்து, தெருமுனையைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை எஞ்சின் அணைந்துவிட்டது. தொழிற்சாலையில் அளந்து வைக்கிற ஸ்க்ரூ அது. அதைத் திருகினால் நோய் தீராது, நோயின் அறிகுறி மட்டும் இடம் மாறும்.

அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பானெட்டைத் திறந்து உட்கார்ந்தேன். கைப்பேசியோடு ப்ளூடூத்தில் இணையும் சிறு ஸ்கேனர் ஒன்றைப் பொருத்திப் பார்த்ததில், கூலன்ட் வெப்பநிலை 90 டிகிரிக்கு அருகில் சரியாகவே காட்டியது. அந்த சென்ஸார் பழுதானால், எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நம்பிக் கணினி ஐடிலிங்கை ஏற்றிவிடும் என்பதால், அதை முதலில் விலக்க வேண்டியிருந்தது. பிறகு பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ் உள்ளிட்ட, எஞ்சினின் உறிஞ்சு விசை செல்லும் வேக்குவம் ஹோஸ்களை, துணி சுற்றிய இடுக்கியால் ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தேன். எங்கேனும் வழியில் காற்று புகுந்திருந்தால் அந்த ஹோஸை நசுக்கியதும் ஐடிலிங் மாறியிருக்கும், எதிலும் மாறவில்லை. தீப்பற்றக்கூடிய கிளீனரைச் சூடான எஞ்சின்மேல் தெளித்துக் கசிவு தேடுபவர்களும் உண்டு. எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

எஞ்சினை ஓடவிட்டுச் சும்மா கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஏசி கம்ப்ரஸரை எஞ்சினோடு இணைக்கும் கிளச் "டக்" என்று ஒட்டுவதும் ஐந்தாறு நொடிகளில் விடுவதுமாக இருந்தது. ஒட்டும் ஒவ்வொரு முறையும் முள் கொஞ்சம் ஏறியது. விட்டபின் இறங்கவே இல்லை. அதாவது, திறக்கச் சொன்னால் திறக்கிற வால்வு, மூடச் சொன்னால் மூடவில்லை. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் ஐடில் வால்வின் மோட்டாரை மெல்லத் தட்டினேன். முள் 1500-இலிருந்து நேராக 900-க்கு விழுந்தது. வண்டியை அணைக்கும்போது கணினி அந்த வால்வைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து வைப்பதால்தான், மறுபடி கிளப்பியதும் எல்லாம் சரியாகத் தோன்றியிருக்கிறது.

இரண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றி வால்வை வெளியே எடுத்தபோது, அதன் கூம்பு முனையில் தார் போலக் கரி படிந்திருந்தது. த்ராட்டில் கிளீனரைத் துணியில் நனைத்து முனையையும், அது உட்காரும் துவாரத்தையும் துடைத்தேன். முனையைக் கையால் அமுக்கவோ திருகவோ கூடாது. உள்ளே இருக்கும் மெல்லிய மரை கெட்டுவிட்டால் புது வால்வுதான் வாங்க வேண்டும். மீண்டும் பொருத்தி, கணினி பழைய ஐடில் அளவை மறந்து புதிதாகக் கற்கட்டும் என்று பேட்டரியின் நெகடிவ் வயரைக் கால்மணி நேரம் கழற்றி வைத்து, பிறகு ரேடியேட்டர் ஃபேன் ஓடும் வரை ஏசி இல்லாமலும், அதன்பின் ஏசியோடும் ஐடிலிங்கில் விட்டேன்.

1500 போய்விட்டது. ஆனால் முள் 850-க்கும் 1100-க்கும் இடையே ஊசலாடியது, ஏனென்றால் கம்ப்ரஸர் இன்னும் அதே அவசரத்தில் ஒட்டி ஒட்டி விட்டுக்கொண்டிருந்தது. இதற்கு ஏசி வேலை தெரிந்தவரிடம் போனேன். ஏசியின் குளிரூட்டும் கேஸ் குறைந்து, அழுத்த சுவிட்ச் கம்ப்ரஸரைத் துண்டித்துக்கொண்டிருந்ததை மீட்டரில் காட்டினார். கண்டென்ஸர் இணைப்பில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காய்ந்து எண்ணெய் கசிந்திருந்தது. வெறுமனே கேஸைத் "டாப் அப்" செய்யாமல், ஓ-ரிங்கை மாற்றி, அரைமணி நேரம் வேக்குவம் பம்பால் உள்ளிருந்த காற்றை உறிஞ்சி எடுத்து, பானெட்டின் கீழ் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் குறித்த எடைக்கே ஆர்134ஏ கேஸை ஏற்றினார்.

நிறுத்து ஸ்க்ரூவைத் திரும்பச் சரிசெய்வதுதான் கடைசியாக மிஞ்சியது, அதில்தான் அதிக நேரம் போனது. த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று காட்டும் சென்ஸாரில் மல்டிமீட்டரை வைத்து, மூடிய நிலையில் அரை வோல்ட் காட்டும் வரை கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பினேன். இப்போது ஏசி இல்லாமல் 770, ஏசியோடு 900. உடைந்த முத்திரையின் இடத்தில் என் மகளின் நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன்.