சிவப்புச் சாக்கில் உருவம் வரைய பரோக் படங்கள் கற்றுத்தந்தவை

உருவ வரைதல் தேர்வுக்குத் தயாரானபோது, ஒரு பருவம் முழுக்க பரோக் (17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கலைப் பாணி) கலைஞர்களின் சிவப்புச் சாக் (chalk) படங்களைப் பார்த்தே வரைந்தேன். பரோக் ஓவியர் ரூபன்ஸும் இத்தாலியில் இருந்த ஆண்டுகளில் (1600–1608) மைக்கலாஞ்சலோவின் உருவங்களைச் சாக்கில் பார்த்து வரைந்து பழகியவர்தான். அதனால் பார்த்து வரைவதைக் குறைவாக நினைக்காதீர்கள்.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள். இது பள்ளிக்கூடச் சாக்பீஸ் இல்லை. இரும்பு ஆக்சைடு ஏறிய களிமண், காவிக்கல்லின் இனம். கரித்துண்டு தட்டினாலே உதிரும். சிவப்புச் சாக்கோ காகிதத்தின் இழைக்குள் புகுந்து உட்கார்ந்துவிடும். என் முதல் படத்தில் முழங்கால் கோட்டை அழுத்திப் போட்டுவிட்டு ரப்பரால் தேய்த்தேன். கோடு போகவில்லை, சுற்றிலும் இளஞ்சிவப்புக் கறை பரவியது. அந்தத் தாள் வீண். அப்புறம் முதல் கால் மணி நேரமும் சாக்கைப் பின்முனையில் பிடித்து, தெரிந்தும் தெரியாமலும்தான் கோடு போட்டேன். தோள் சாய்வு, இடுப்புச் சாய்வு, எடை இறங்கும் கால் மூன்றும் சரியான பிறகே அழுத்தினேன்.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவை இத்தாலியச் சிற்பி பெர்னினியின் ஆண் உருவப் பயிற்சிப் படங்கள். ஃபுளோரன்ஸின் உஃபிசி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பெரிதாக்கிப் பார்த்தால் முதுகில் ஓடும் கோடுகள் தசையின் வளைவோடு சேர்ந்தே வளைவது தெரியும். ஓரக் கோடும் ஒரே கனத்தில் போகாது. நிழல் பக்கம் தடித்து, ஒளிப் பக்கம் மெலிந்து, சில இடங்களில் அறுந்தே போகும். வெளிச்சத்தை வரைய வேண்டியதில்லை, காகிதத்தை அப்படியே விட்டால் போதும் என்று அங்கேதான் புரிந்தது. வெள்ளைச் சாக்கைக் கடைசியில், மேடான இடங்களில் மட்டும் தொடுங்கள். சிவப்போடு கலந்தால் வெளிறிய ரோஸ் நிறமாகி ஒளி செத்துவிடும். ஆழமான இருட்டு வேண்டுமா, சிவப்புச் சாக்கின் முனையைச் சற்று நனைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலப் பட்டறைகளில் ஈரத் தாளை வரைந்த படத்தின்மேல் வைத்து அழுத்தி, கண்ணாடி பிம்பம் போலத் திரும்பிய பிரதி எடுப்பார்கள். நான் கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்து எடுத்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது என்று நினைத்த இடுப்பு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. தேர்வறையில் இதற்கு வழியில்லை. அங்கே பலகையைத் தலைகீழாகத் திருப்பி ஒரு நிமிடம் பாருங்கள்; அழுத்தத் தொடங்கும் முன்பே பாருங்கள்.