நீலச் சுருள்

முதல் நாள் காலையில், மெஷினில் டூலைப் பொருத்தி அளவு அமைத்துத் தருகிற செட்டர் அண்ணன் என் வலது மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஊர் மாரியம்மன் கோயிலில் அம்மா கட்டிவிட்ட மஞ்சள் கயிறு.

“இது என்னடா தம்பி?”

“சாமி கயிறுண்ணா.”

“ஸ்பிண்டிலுக்குச் சாமியெல்லாம் தெரியாது. அவுத்துட்டு வா.”

ஸ்பிண்டில் என்பது மெஷினில் டூலைப் பிடித்துச் சுழற்றும் தண்டு. முடிச்சு அவிழவில்லை. கத்தரிக்கோலால் வெட்டி மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். ராத்திரி போனில் தயங்கித் தயங்கிச் சொன்னால், “அதுக்கென்ன, இடுப்புல கட்டிக்க” என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார். மோதிரம், வாட்ச், முழுக்கைச் சட்டை எதுவும் கூடாது. கையுறைகூடப் போடக் கூடாது என்பதுதான் எனக்கு விநோதமாக இருந்தது. கடையும்போது சீவி விழும் உலோகச் சுருள் கையைக் கிழிக்குமே என்று கேட்டேன். கிழித்தால் தையல் போட்டுக்கொள்ளலாம், கையுறையை டூல் பிடித்து இழுத்தால் கையே இருக்காது என்றார்.

ஐ.டி.ஐ.யில் மெஷினிஸ்ட் டிரேடு இரண்டு வருஷம் படித்துவிட்டு, ஓசூரில் விமானப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனிக்கு ஓராண்டு அப்ரண்டிஸாகப் போயிருந்தேன். பெங்களூரில் 1940-இல் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொடங்கியதிலிருந்தே அந்த ஊரைச் சுற்றி இந்தத் தொழில் படர்ந்துகொண்டு வந்திருக்கிறது. எங்கள் செட்டரும் பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டைப் பட்டறைகளில் கை பழகியவர். தமிழும் கன்னடமும் கலந்துதான் திட்டுவார். எந்த மொழி அதிகம் வருகிறது என்பதை வைத்துக் கோபத்தின் அளவைக் கணித்துக்கொள்ளலாம்.

போன கையோடு மெஷின் தருவார்கள் என்று நினைத்திருந்தேன். மூன்று மாதம் பிசிறு எடுக்க வைத்தார்கள். கடைந்து முடித்த ஜாப்பின், அதாவது பாகத்தின், ஓரங்களில் மயிரிழைபோல உலோகம் நீட்டிக்கொண்டிருக்கும். அதை வளைந்த சிறு கத்தியால் சீவ வேண்டும். டிராயிங்கில் 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை என்று போட்டிருந்தால், ஓரம் அந்த அளவுதான் மழுங்க வேண்டும். குறைந்தால் முனை கூராக நிற்கும், கூடினால் ஜாப்பே போச்சு. சீவியதைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் துளைகள் இருந்தால் அன்றைய பொழுது அவ்வளவுதான். என்னோடு படித்தவன் ஒருவன் ஸ்ரீபெரும்புதூரில் கார் கம்பெனியில் லைனில் நின்றுகொண்டு, “நீ என்னடா, ஏரோபிளேனுக்கு நகம் வெட்டிவிடறியா?” என்று கேட்டான். எனக்கும் உள்ளுக்குள் அதே எரிச்சல்தான். ஒரு பிசிறு கழன்று எண்ணெய் ஓடும் குழாயில் போய் மாட்டினால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்கவில்லை. மாடியில் ஓடும் தண்ணீர் மோட்டாரில் மணல் புகுந்து வால்வு இறுகிப்போனதை ஹாஸ்டலில் ஒருநாள் பார்த்தேன், தானாகப் புரிந்தது.

அதற்கப்புறம் அளவு. இங்கேதான் நான் படித்த படிப்பெல்லாம் கழன்று விழுந்தது. ஐ.டி.ஐ.யில் வெர்னியரில் ஒரு கோடு முன்னே பின்னே இருந்தாலும் மார்க் போடுவார்கள். இங்கே பேச்சே மைக்ரானில்தான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒருநாள் 300 மில்லிமீட்டர் நீளமுள்ள அலுமினிய ஜாப் ஒன்றை மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு அளந்து, சரியாக இருக்கிறது என்று நோட்டில் எழுதிவிட்டேன். மறுநாள் காலை இன்ஸ்பெக்ஷன் அறையில் அது 70 மைக்ரான் குறைந்து நின்றது. யாரோ ராத்திரி வந்து சீவிவிட்டார்கள் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

இன்ஸ்பெக்ஷன் சார் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். அலுமினியம் ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு டிகிரி ஏறினால் சுமார் 23 மைக்ரான் நீளும். 300 மில்லிமீட்டருக்குப் பத்து டிகிரி என்றால் 69. உலகம் முழுக்க 20 டிகிரியில் அளந்த அளவைத்தான் அளவு என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான் அவர் அறையில் எந்நேரமும் ஏ.சி. ஓடுகிறது. நான் அதுவரை அதை அதிகாரிகளுக்கான சொகுசு என்றே நினைத்திருந்தேன்.

வேடிக்கை என்னவென்றால், கடைந்து எடுப்பதில் பெரும்பகுதி குப்பைக்குத்தான் போகும். பத்துக் கிலோ அலுமினியக் கட்டியை மெஷினில் ஏற்றுவோம், இறங்கும்போது ஒரு கிலோகூடத் தேறாத சட்டம் ஒன்று இறங்கும். மீதி முழுக்கச் சுருள். அந்தச் சுருளையும் ரகம் ரகமாகப் பிரித்து வைக்க வேண்டும், கலந்துவிட்டால் விலை போகாது. இறங்கிய ஜாப் எந்த விமானத்தில் எந்த மூலையில் உட்காரும் என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். எண் மட்டும்தான். ஆனால் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே போனால் எந்த உருக்கில் வார்த்த உலோகம், எந்த மெஷின், எந்த ஷிப்ட், யார் முத்திரை என்பது வரைக்கும், ஜாப்போடு கூடவே போகும் ரூட் கார்டில் போய்ச் சேரலாம். முத்திரை என்பது நிஜமாகவே ஒரு சின்ன ரப்பர் ஸ்டாம்ப். ஆளுக்கு ஓர் எண். செட்டர் அண்ணன் அதை ஐ.டி. கார்டு கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார், டீ குடிக்கப் போகும்போதுகூடக் கழற்ற மாட்டார். அப்ரண்டிஸுக்கு முத்திரை கிடையாது.

ஏழாவது மாதம் டைட்டானியம் வந்தது. அலுமினியத்தில் ஸ்பிண்டில் நிமிஷத்துக்கு 12,000 சுற்று சுற்றும், வெண்ணெய் வழிப்பதுபோல இருக்கும். டைட்டானியத்தில் அந்தப் பேச்சே இல்லை, ஆயிரத்தைச் சுற்றித்தான். காரணம் சூடு. அலுமினியம் சூட்டை வாங்கிப் பரப்பிவிடும், சுருளோடும் கொஞ்சம் போய்விடும். டைட்டானியத்தில் சூடு எங்கே பிறந்ததோ அங்கேயே, டூல் முனையிலேயே உட்கார்ந்துகொள்ளும். கூலண்ட், அதாவது சூட்டைத் தணிக்கும் திரவம், சரியான இடத்தில் விழாவிட்டால் கெட்டது குடி. அதன் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதால் மெஷின் பக்கத்திலேயே உலர்ந்த மணல் வாளி இருக்கும். அதில் யாரோ பாக்கு துப்பி வைத்து, அதற்கு ஒரு விசாரணை நடந்தது தனிக்கதை.

டைட்டானியத்தில் கை வைக்கும் முன் இன்ஸ்பெக்ஷன் சார் என்னை உட்காரவைத்து ஒரு விபத்தைப் பற்றிச் சொன்னார். 1996 ஜூலை 6, அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் பென்சகோலா விமான நிலையம். டெல்டா நிறுவனத்தின் எம்.டி.-88 விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது இடது இன்ஜினின் முன்பக்க விசிறி தாங்கும் டைட்டானிய ஹப் உடைந்து, துண்டுகள் விமானத்துக்குள் பாய்ந்தன. ஒரு தாயும் அவர் மகனும் செத்துப்போனார்கள். விசாரித்துக்கொண்டே போனவர்கள் கடைசியில் ஒரு துளையில் போய் நின்றார்கள். ஹப்பைச் செய்தபோது துளையிட்ட இடத்தில் ஏறிய சூட்டில் உலோகத்தின் உள்ளமைப்பே மாறிக் கெட்டிப்பட்டிருந்தது. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பியிருக்கிறது. சோதனையில் அது பிடிபடவில்லை.

“ட்ரில் போட்டவன் பேர் எங்கயும் வரல. அவனுக்கே தெரிஞ்சிருக்குமோ என்னவோ,” என்றார் சார். பிறகு எழுந்து தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இது நடந்து மூன்று வாரம் இருக்கும். ஒரு லாட்டில் ஆறு ஜாப், ஒவ்வொன்றிலும் நான்கு துளை. செட்டர் அண்ணன் செட்டிங் முடித்து, முதல் ஜாப்பை ஓட்டி, இன்ஸ்பெக்ஷனுக்கு அனுப்பி, சரி என்று வந்த பிறகு, “பாத்துக்கோ, சாப்பிட்டு வந்துடறேன்” என்று என்னை நிறுத்திவிட்டுப் போனார். இரண்டு, மூன்று ஒழுங்காக இறங்கின. நான்காவதில் மூன்றாவது துளை. ஒரு கீச்சல். தகரத்தில் ஆணி இழுப்பதுபோல, இரண்டு மூன்று விநாடிதான். கண்ணாடி வழியே பார்த்தால் கூலண்ட் குழாயின் வாய் சுருள் இடித்து ஒதுங்கி, தண்ணீர் ட்ரில்லுக்கு ஒரு விரற்கடை தள்ளி விழுந்துகொண்டிருந்தது. ட்ரில் இறங்குவதை நிறுத்தும் ஃபீட் ஹோல்ட் பொத்தானை அழுத்த வேண்டும் என்று தலைக்குத் தெரிந்து, விரல் போய்ச் சேருவதற்குள் ட்ரில் அடியைத் தொட்டு மேலே வந்துவிட்டது.

மெஷினை நிறுத்திக் கதவைத் திறந்தேன். அந்தத் துளையின் வாயில் ஒரே ஒரு சுருள் ஒட்டிக்கொண்டிருந்தது. வழக்கமான வெள்ளி நிறம் இல்லை. நுனியில் வைக்கோல் நிறம், நடுவில் ஊதா, அடியில் மயில் கழுத்து நீலம். சொன்னால் சிரிப்பீர்கள், அவ்வளவு அழகாக இருந்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் போட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது. மறைக்கவா, காட்டவா, இரண்டுக்கும் நடுவில் எதற்கோ.

குழாயைத் திருப்பி வைத்தேன். ட்ரில்லை மாற்றினேன். துளையில், அதன் அளவைச் சோதிக்கும் ப்ளக் கேஜை விட்டேன். போக வேண்டிய முனை போனது, போகக் கூடாத முனை போகவில்லை. அளவு கச்சிதம். துளைக்குள் விளக்கடித்துப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி இருந்தது. மீதி இரண்டு ஜாப்பும் ஓடின. அண்ணன் வந்து ஆறையும் கேஜ் போட்டுப் பார்த்து, “பரவால்லியே” என்று சொல்லி, ரூட் கார்டில் முத்திரையை அழுத்தினார். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாய் வரவில்லை.

சம்பளத்தில் பிடிப்பார்களோ, சர்டிபிகேட்டை நிறுத்துவார்களோ என்பதுதான் அன்று ராத்திரி என் பயம். பென்சகோலா நினைவுக்கு வந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் அது விடியற்காலையில்தான் வந்தது. அதுவும் செத்துப்போனவர்களின் நினைவாக வரவில்லை. “அவன் பேர் எங்கயும் வரல” என்ற சாரின் குரலாக வந்தது. என் பேரும் எங்கேயும் வராது. ரூட் கார்டில் இருப்பது அண்ணன் முத்திரை.

காலை ஷிப்ட் பெல் அடிக்குமுன் அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் ஒன்றும் மாறவில்லை.

“எத்தனாவது ஜாப்?”

“நாலுண்ணா. மூணாவது ஹோல்.”

“அது மட்டும்தானா? எப்படி நம்பறது?”

பையிலிருந்து சுருளை எடுத்து நீட்டினேன். உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கன்னடத்தில் ஏதோ சொன்னார், எனக்கு விளங்காத கன்னடம். விடுவிடென்று இன்ஸ்பெக்ஷனுக்குப் போனார். ஆறு ஜாப்பும் நிறுத்தப்பட்டன. குவாலிட்டி மேனேஜர், புரொடக்ஷன் மேனேஜர் எல்லோரும் கூடினார்கள். கழற்றி வைத்த ட்ரில்லை லென்ஸில் பார்த்தார்கள், முனை கருகியிருந்தது. என்னிடம் ஒரே கேள்வியை நான்கு பேர் நான்கு விதமாகக் கேட்டார்கள். மற்ற ஐந்தையும் மறுபடி சோதித்து அனுப்பிவிட்டார்கள். நான்காவது ரிஜெக்ட். சம்பளத்தில் பிடிக்கவில்லை. அப்ரண்டிஸைத் தனியாக நிறுத்தியதற்காக அண்ணனுக்கு மெமோ கொடுத்தார்கள். அது எனக்கு இன்றைக்கும் நியாயமாகப் படவில்லை, ஷிப்டுக்கு ஆள் குறைத்தவர்களுக்கு யார் மெமோ கொடுப்பது?

அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் டீக்கடையில், என் முகத்தைப் பார்க்காமல், “ஹோல் போனதுக்கு இல்லடா. ஸ்டாம்ப் வைக்கறப்ப பாத்துக்கினே நின்ன பாரு, அதுக்கு” என்றார். டீக்கு அவரே காசு கொடுத்தார்.

ரிஜெக்ட் ஆன விமானப் பாகத்தை அப்படியே காயலான் கடைக்குப் போட முடியாது. எங்காவது சுற்றி நல்ல ஜாப்போடு கலந்துவிடும். சிவப்புப் பெயிண்ட் அடித்து, திரும்பப் பயன்படாதபடி துண்டாக்க வேண்டும். எங்களிடம் பேண்ட் சா என்ற மின்ரம்பம் இருந்தது, ஐந்து நிமிஷ வேலை. அண்ணன், கையால் அறுக்கும் ஹேக்ஸா ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். மூன்றாவது துளையின் மேல் ஸ்க்ரைபரால் குறுக்கே ஒரு கோடு கீறினார். “இதுமேலயே வா” என்றார்.

சாயங்காலம் நான்கு மணிக்கு வைஸில் கட்டினேன். டைட்டானியம் பிளேடைத் தின்னும். கையைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினால் பல் மழுங்கிவிடும். மெதுவாக, அழுத்தி, எண்ணெய் விட்டு விட்டு அறுக்க வேண்டும். மூன்று பிளேடு போனது. ஏழரை மணி வாக்கில் இரண்டாகப் பிளந்து விழுந்தது. அண்ணன் அதுவரை வீட்டுக்குப் போகாமல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சூடு ஆறக் காத்திருந்து, ஒரு பாதியைத் துடைத்து, லைட்டுக்குக் கீழே பிடித்தேன். அவரும் எழுந்து வந்து குனிந்தார்.

பாதித் துளை, ஓடை மாதிரி, பளபளவென்று இருந்தது. இருவரும் மாற்றி மாற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை.