ஆர்வி மில்லும் எங்கள் வீடும்

"எங்க மில்லு" என்றுதான் தாத்தா கடைசிவரை சொன்னார். ஒரு பங்குகூட அவர் பேரில் கிடையாது. நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் மிஷினில் அறுந்த இழையை ஒட்டுவதுதான் வேலை. மில்லை ஆரம்பித்தவர்கள் ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற ஸ்காட்லாந்து அண்ணன் தம்பி. 'ஹ' எங்கள் விக்கிரமசிங்கபுரத்து நாக்கில் நிற்காது, அதனால் அது ஆர்வி மில்.

சின்ன வயதில் எனக்கு ஒரு சந்தேகம். பஞ்சு விளைவது கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில், கப்பல் நிற்பது தூத்துக்குடியில். மில்லை மட்டும் எதற்கு பொதிகை மலை அடிவாரத்தில் கொண்டுவந்து வைத்தான்? அப்பாவிடம் கேட்டால் "ஏல, ஆத்தப் பாருல" என்றார். அவ்வளவுதான் பதில்.

அப்புறம்தான் புரிந்தது. 1880களில் இங்கே கரண்ட் ஏது? பாபநாசத்தில் உயரத்திலிருந்து விழுகிற தாமிரபரணித் தண்ணீரின் வேகத்தில் மில் ஓடியது. பக்கத்து ஊரான அம்பாசமுத்திரத்துக்கு அன்று ரயிலும் கிடையாது. இருந்தாலும் பஞ்சை வண்டி கட்டிக் கொண்டுவந்துவிடலாம், அருவியை எந்த வண்டியில் ஏற்றுவது? பாபநாசத்தில் நீர்மின் நிலையம் வந்ததே 1944-இல்தான். ஆற்றை வேலைக்கு வைத்ததில் மில் அதற்கு மூத்தது.

இதற்கிடையில் தூத்துக்குடியில் கோரல் மில், மதுரையில் இன்னொரு மில் என்று ஆர்வி குடும்பம் பெருத்துக்கொண்டே போனது. 1929-இல் மூன்றும் மதுரா மில்ஸ் என்று ஒன்றாயின. 1974-இல் கோட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து மதுரா கோட்ஸ். போர்டு மாறியதே தவிர தாத்தா வாயில் பெயர் மாறவில்லை.

அவர் அடிக்கடி சொல்வது 1908 கதை. கோரல் மில்லில் பிப்ரவரி கடைசியில் வேலைநிறுத்தம், முன்னால் நின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி கூடியது, ஞாயிற்றுக்கிழமை லீவும் கிடைத்தது. தாத்தா பிறப்பதற்கு முந்தைய சங்கதி, ஆனால் கூடவே நின்றது மாதிரி சொல்வார். ஞாயிறு மதியம் கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டே, "வ.உ.சி. ஐயா வாங்கிக் குடுத்த லீவுல, நல்லா சாப்பிடு" என்பார். எங்கள் வீட்டில் கறிக்குழம்புக்கும் சுதேசி வரலாறு உண்டு!

ஆச்சிக்கு மில் என்றால் சங்குதான். உலை வைப்பது, என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டுவது எல்லாம் சங்குச் சத்தத்தை வைத்துத்தான். சிப்டு முடிந்து வருகிற தாத்தாவின் புருவத்திலும் காது மயிரிலும் பஞ்சுத் தூசி வெள்ளையாக ஒட்டியிருக்கும். நிறைய வருஷம் அது நரை என்றே நினைத்திருந்தேன்.

அப்பாவும் அதே மில்லில், நூல் சுற்றுகிற வைண்டிங் பிரிவில் ரிட்டயர் ஆனார். நான் அந்தப் பக்கமே போகவில்லை, இன்ஷூரன்ஸ் ஆபீஸில் சேர்ந்துவிட்டேன்.

போன மாதம் தங்கச்சி மகன் கல்யாணத்துக்கு வேட்டி எடுக்கத் திருநெல்வேலி போனோம். கடைக்காரப் பையன் ஒவ்வொன்றாக விரித்துப் போடுகிறான். அப்பா விலைச் சீட்டைப் பார்க்கவே இல்லை. ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவி, இரண்டு விரலுக்கு நடுவில் முறுக்கைப் பிரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"எண்பதாம் நம்பர் நூலுன்னு சொல்லுத. இது அறுபதுதான், அத விடத் தடிச்ச நூலு."

பையன் உள்ளே போய் முதலாளியைக் கூட்டிக்கொண்டு வந்தான்.