பங்குனி ஆமை

நீலாங்கரையில் மணலில் இறங்கியதும் எங்கள் விலங்கியல் சார் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். நாங்களும் கழற்றுவோம். அங்கிருந்து பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். நள்ளிரவில் கிளம்பினால் போய்ச் சேர விடியற்காலை ஆகிவிடும். 1990இல் பதினொன்றாம் வகுப்பில் விலங்கியல் படித்த எங்களில் ஐந்தாறு பேருக்குத் தை முதல் பங்குனி வரை சனிக்கிழமை இரவுகள் இப்படித்தான் கழிந்தன.

முட்டையிடக் கரையேறும் கடல் ஆமைகளைத் தேடி இரவில் கடற்கரையில் நடப்பதுதான் ஆமை நடை. சென்னையில் அது 1970களின் முற்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. 1988இல் மாணவர்களே கடல் ஆமைப் பாதுகாப்புக்கு ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். எங்களை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் சார்.

டிராக்டர் போனதுபோல மணலில் தடம் ஏறி இறங்கியிருக்கும். மணல் கலைந்துகிடக்கும் இடத்தில் சார் குச்சியை மெல்ல ஊன்றுவார். குச்சி தடையில்லாமல் இறங்கினால் முட்டை அங்கேதான். பிறகு கையாலேயே தோண்டுவார். குடுவை வடிவக் குழிக்குள் பிங்பாங் பந்து போல நூறு முட்டைகளுக்கு மேல் இருக்கும். ஒன்றையும் புரட்டாமல், எண்ணிக்கொண்டே பையில் வைத்து, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்க வேண்டும். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது, சூடு கூடினால் பெண் என்று அவர் சொன்னது அந்த இருட்டில் கேட்டதால்தான் இன்றும் மறக்கவில்லை. எண்ணிக்கை தவறினால் மறுபடி முதலிலிருந்து எண்ணச் சொல்வார்.

ஒரு முறை, கரையேறிக்கொண்டிருந்த ஆமையைப் பார்த்த பரவசத்தில் நான் டார்ச்சை அடித்துவிட்டேன். அது நின்றது, திரும்பியது, கடலுக்குள் போய்விட்டது. சார் திட்டவில்லை. "முட்டையோடு திரும்பிப் போகிறாளடா" என்று மட்டும் சொன்னார். அந்த நடை முடியும்வரை நான் யாரிடமும் பேசவில்லை.

திருவான்மியூர்க் குப்பத்தில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர்களோடு அவர் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். இந்த ஆமைக்குப் பங்குனி ஆமை என்று பெயர் என்பதை அவர்களிடம்தான் கேட்டோம். "பாடப்புத்தகத்தில் இந்தப் பெயர் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். இழுவை வலையில் மூச்சுமுட்டிச் செத்து ஒதுங்கிய ஆமைகளைக் கண்டாலும் மீனவர்களைப் பழித்து அவர் ஒரு சொல் சொன்னதில்லை. வலையிலிருந்து ஆமை தப்பிக்க வழி செய்து தர வேண்டியது நம் பொறுப்பு என்பார். அவரிடம் நான் மிகவும் மதித்த குணம் இது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பறவை பார்க்கப் போவார். நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி, கூழைக்கடா எல்லாம் அவர் நோட்டில் தேதியோடு இருக்கும். சதுப்பு நிலத்தில் குப்பை கொட்டுவதை எதிர்த்து எத்தனை மனுக்கள் எழுதினார் என்று எனக்குத் தெரியாது. தபால் தலை வாங்க என்னைப் பலமுறை அனுப்பியிருக்கிறார்.

2018இல் விடுமுறையில் வந்தபோது, குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்க மகளை பெசன்ட் நகருக்கு அழைத்துப்போனேன். சாரும் வந்தார். கையில் ஊன்றுகோல் இருந்தது. ஆனாலும் செருப்பைக் கழற்றினார். சாலை விளக்குகளைக் கடலின் வெளிச்சம் என்று நம்பிக் குஞ்சுகள் கரைப்பக்கம் திரும்பிவிடுவதை மகளுக்கு விளக்கினார். "நீ எண்ணு பாப்பா" என்றார். அவள் எண்ணினாள். பாதியில் தவறவிட்டாள். மறுபடி முதலிலிருந்து என்றார்.

அடுத்த ஆண்டு அவர் காலமானார். என்னால் டொரண்டோவிலிருந்து வர முடியவில்லை. 2022இல் பள்ளிக்கரணை ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட செய்தி வந்த அன்று சார் வீட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். சாரின் நோட்டுகள் எங்கே என்று கேட்டேன். ஆமை நடைக்குப் போகும் பிள்ளைகள் வந்து வாங்கிப்போய்விட்டதாகச் சொன்னார்.