பருப்பு வரலையா? பதிவேட்டைக் கேளுங்கள்

ரேஷன் கடையில் ‘இன்னும் சரக்கு வரல’ என்பவரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. கணக்கைக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 6(1) பிரிவில், வட்ட வழங்கல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும்.

பலர் சறுக்குவது கேள்வியில்தான். ‘ஏன் தரவில்லை?’ என்று எழுதினால், விளக்கம் சொல்வது தகவல் ஆகாது என்று தட்டிக்கழிப்பார்கள். கடை எண், மாதம் குறிப்பிட்டு, இருப்புப் பதிவேடு, கிடங்கிலிருந்து சரக்கு வந்ததற்கான ரசீது, விற்பனைப் பதிவேடு மூன்றின் நகலையும் கேளுங்கள். வந்ததும் விற்றதும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே பிடிபடும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அலுவலர் குடையலாம். 6(2) பிரிவுப்படி காரணம் சொல்லத் தேவையில்லை.

30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் அவருக்கு மேலுள்ள அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. அதற்கும் அசையவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. அங்கே இழுக்கும், பொறுமை வேண்டும்.